பொன்னாயி மில் டீமின் இரண்டு மாஸ்டர்கள்

என் வீட்டுக்காரர் உமர் பாரூக்கை எல்லாரும் நல்ல மனுஷன் என்பார்கள். கோட்டைமேட்டில் கேட்டாலும் சரி, சிங்காநல்லூர் மில் கேட்டில் கேட்டாலும் சரி, "அதிர்ந்து பேசத் தெரியாதவருங்க" என்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதிர்ந்து பேசத் தெரியாததால் என்ன கேடு வந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான், சாஜிதா பேகம். அவரைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து போய் வாசலில் நின்றுகொள்வார். அதனால் நானே சொல்கிறேன்.

அவருடைய அத்தா, அதாவது என் மாமனார், உக்கடத்தில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கடைக்குள் வீசிவிட்டு மைதானத்துக்கு ஓடுவதுதான் இவருடைய படிப்பு. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு செவன்ஸ் ஃபுட்பால் ஆட்டத்தில் இவர் வலது ஓரமாக ஓடியதைப் பார்த்து நஞ்சுண்டன் மாஸ்டர் பொன்னாயி மில்லுக்குக் கூட்டிப்போனார். மாஸ்டர் சூலூர்க்காரர், தோட்டம் துரவு உள்ள கவுண்டர் வீட்டு ஆள். மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்துகொண்டே ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாகவும் இருந்தார். அப்போதெல்லாம் கோயமுத்தூர் மில்களில் நன்றாக ஆடுகிறவனுக்கு மில் வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். காலையில் பிராக்டிஸ், மத்தியானத்துக்கு மேல் ஷிப்டு. வாங்குகிற சம்பளம் பஞ்சுக்கா பந்துக்கா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு நிக்காஹ் ஆகி மில் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது இவர் டீமின் கேப்டன். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மைதானம். விடிந்ததும் மாஸ்டரின் குரல் கேட்கும். "ஓடு கண்ணு, ஓடு! நின்னீன்னா கால் மரத்துப்போயிரும்!" அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன். பெற்றவருக்கு அடுத்தபடி இவர் எழுந்து நின்று பேசுகிற ஆள் மாஸ்டர் ஒருவர்தான்.

தொண்ணூறுகள் பிறந்ததும் டீமுக்குப் பிடித்தது சனி. ஆடின ஆட்டமெல்லாம் தோல்வி. பெரிய முதலாளி அரங்கசாமி நாயுடு இறந்துபோய், மகன் சீனிவாசலு மில்லைப் பார்க்க வந்தார். வந்ததும் மாஸ்டரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் பாலக்காட்டிலிருந்து ஒரு கோச்சை வரவழைத்தார். அந்த மனுஷன் கெட்டிக்காரர்தான், ஆனால் முன்கோபி. அவர் எதைச் சொன்னாலும் நம் ஆட்கள் "சரிங்க சார்" என்பார்கள். சொல்லிவிட்டு மாஸ்டர் பழக்கிய பழைய ஆட்டத்தையே ஆடுவார்கள். எதிர்த்துப் பேசினால் மரியாதை இல்லையாம், கேட்காமல் இருந்தால் மட்டும் மரியாதையாம்! ஒரு நாள் அவர் பந்தைத் தூக்கிப் பஞ்சு குடோன் கூரைமேல் உதைத்துவிட்டுப் பாலக்காட்டுக்கு ரயில் ஏறிவிட்டார். மறுபடி மாஸ்டரே வந்தார். மறுபடி தோல்வி. தொண்ணூற்று நான்கில் டீம் லீக்கின் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சறுக்கினால் ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷன்.

சீனிவாசலு முதலாளி என் வீட்டுக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உமருங்க, மாஸ்டருக்கு வயசாகிப்போச்சு. அவர் ஆட்டம் இந்தக் காலத்துக்கு எடுபடலை. இனி நீங்கதான் கோச். டீமை நீங்களே பாத்துக்குங்க."

"மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டீங்களாங்க?"

"எங்க அப்பா காலத்து மனுஷன். அவர் மூஞ்சியப் பாத்து நான் எப்படிங்க சொல்றது? நீங்க அவருக்குப் புள்ள மாதிரி. பக்குவமா நீங்களே சொல்லிப்போடுங்க."

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், பொய் சொல்வானேன். முப்பத்தாறு வயது, முழங்கால் போய்விட்டது, இனி ஆடவும் முடியாது. கோச் ஆனால் கௌரவம். "உங்களுக்கு ஆசைதானே?" என்று கேட்டேன். "ஆசைதான். அதுதான் வெக்கமா இருக்கு" என்றார். ஆசைப்படுவதில் என்ன வெட்கம், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று துரத்திவிட்டேன்.

சனிக்கிழமை சூலூருக்கு பஸ் ஏறினார். அங்கே மாஸ்டர் சம்சாரம் நாச்சியம்மாள் அரிசிம்பருப்பு சோறு ஆக்கி நெய் ஊற்றிப் போட்டார்களாம். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். முடித்ததும் மோர் வந்ததாம். மோரைக் குடித்ததும் மாஸ்டர் தோட்டத்தைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போய்விட்டாராம். பொழுது சாய, ஒரு கட்டுத் தேங்காயும் பை நிறைய முருங்கைக்காயுமாக வந்து இறங்கினார்.

"சொன்னீங்களா?"

"அவங்க ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு எப்படிச் சொல்றது?"

"திங்காம சொல்லியிருக்கலாமே?"

"போட்ட சோத்தைத் திங்காம எப்படி எந்திரிக்கிறது?"

முருங்கைக்காயை எடுத்து இவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது எனக்கு. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இவர் திரும்பிப் போய் முதலாளியிடம் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். சரி, ஆயுத பூஜை வருகிறது, மாஸ்டருக்கு மேடையில் மரியாதை செய்து நானே சொல்லிவிடுகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். எங்கள் மில்லில் ஆயுத பூஜை என்றால் கல்யாணம் மாதிரி. மெஷினுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று, பொரி, சுண்டல். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் ஒரு ஓரமாக நின்றோம். முதலாளி மாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். அவர் இந்த டீமுக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கும்பிட்டார். அவ்வளவுதான். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே இறங்கிவிட்டார். கை தட்டி முடிந்ததும் விஷயம் தெரிந்த டீம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேடைக்குக் கூப்பிடும் முன்பே தனியாகச் சொல்லியிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார். மரியாதையே செய்தாகிவிட்டது, மீதியை உமர் சொல்லிக்கொள்ளட்டும் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூலூருக்குப் போனார்.

மறுநாள் விடிகிற நேரம். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், மைதானத்திலிருந்து அதே குரல். ஜன்னலைத் திறந்தால் மாஸ்டர்! புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இந்த வயசுல இத்தனை மரியாதை யாருக்குக் கிடைக்கும் கண்ணு? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இந்த டீமை மேல ஏத்தாம நான் உடமாட்டேன் பாரு."

இவர் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. என்ன சொன்னார் தெரியுமா? "ஆகட்டுங்க மாஸ்டர்." அடப்பாவி மனுஷா!

அதற்கப்புறம் நடந்ததை வேறு ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். காலையில் மைதானத்தில் மாஸ்டர் நடத்துகிற பிராக்டிஸ். மாஸ்டர் பஸ் ஏறிப் போனதும், சாயங்காலம் ஷிப்டு முடிந்து, கேண்டீனுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய காலி இடத்தில் என் வீட்டுக்காரர் நடத்துகிற பிராக்டிஸ். காலையில் சொன்னதெல்லாம் சாயங்காலம் ரத்து. இந்த யோசனை யாருடையது என்று கேட்டால் "எல்லாரும் சேர்ந்துதானுங்க" என்றார்கள். டீமில் ஒருத்தன் கூட மாஸ்டரிடம் மூச்சு விடவில்லை. அவர் மனசு நோகக் கூடாதாம். மாஸ்டருக்கு மாசாமாசம் கொடுப்பதை முதலாளியும் நிறுத்தவில்லை, அவருக்கும் மனசு வரவில்லையாம். ஊர் கூடி ஒரு மனுஷனை ஏமாற்றுவதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று மைதானத்துக்கு நடந்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வா அம்மணி. உன்ற ஊட்டுக்காரன் பக்கத்துல இருக்கற வரைக்கும் எனக்கொரு குறையும் இல்லை" என்றார். இந்த வாயாடிக்கும் வாய் வரவில்லை. யாரையோ தேடி வந்தவள் மாதிரி திரும்பிவிட்டேன்.

இதில் கொடுமை, டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. நேரு ஸ்டேடியத்தில் வரிசையாக மூன்று ஆட்டம். என் வீட்டுக்காரர் சாயங்காலம் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான். மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சூலூரிலிருந்து லட்டுப் பொட்டலம் வரும். நாச்சியம்மாள் கோயிலில் பொங்கல் வைத்தார்களாம். சூலூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் மாஸ்டரை நிறுத்தி விசாரிக்கிறார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்து இவர் முன்னால் வைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க. இன்னும் போனா அவர் மூஞ்சியில முழிக்க முடியாது."

"ஜெயிக்கறப்ப எப்படிச் சொல்றது சாஜிதா? ஜெயிச்சது நீங்க இல்லீங்கன்னா சொல்றது? தோத்தா அன்னைக்குச் சொல்லிப்போடறேன்."

ஜெயிக்கிற கோச் தோற்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்ததை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. மாஸ்டர் தோளில் கை போட்டால் இவர் தீயை மிதித்தவர் மாதிரி கூசிப்போவார்.

கடைசி ஆட்டத்துக்கு மட்டும் நானும் ஸ்டேடியத்துக்குப் போனேன். எதிரில் பீளமேட்டு டீம். ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா செய்தால் ஏ டிவிஷனில் நின்றுவிடலாம். ஆளுக்கு ஒரு கோல், ஆட்டம் முடிகிற நேரம். மாஸ்டர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாலடி பின்னால் என் வீட்டுக்காரர். மாஸ்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இடது பக்கம் போ, பின்னால் வா, பந்தைப் போடு, எல்லாம் கையாலேயே. ஆட்டக்காரர்கள் மாஸ்டரைப் பார்ப்பதுபோல் பார்த்து அந்தக் கையைப் பார்க்கிறார்கள். சாயங்காலப் பிராக்டிஸைப் பற்றிக் கேட்டிருக்கிறேனே ஒழிய, இந்த ஈனத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்துவிடப்போகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சின்னான் என்று ஒரு ஆள், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை, பின்வரிசையில் இடது பக்கம் நிற்பவர். என் வீட்டுக்காரர் அவரை மேலே ஏறிப் போகச் சொல்லிக் கை காட்டினார். டிரா போதும் என்று விடாமல் ஜெயிக்கப் பார்த்தார். மாஸ்டர் கத்தினார்: "சின்னா, மேல போகாதே! பின்னாலயே நில்லு!" சின்னான் "சரிங்க மாஸ்டர்" என்று பதில் சொல்லிவிட்டு மேலே ஓடினார். அவர் விட்ட இடைவெளியில் பீளமேட்டுக்காரன் புகுந்தான். கோல். அதோடு விசில்.

மாஸ்டர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டிருந்தால் டீம் தப்பித்திருக்கும். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் வந்து இவர் முதுகைத் தடவினார். "என் சத்தம் அவனுக்கு எட்டலை கண்ணு. தொண்டை போயிப்போச்சு" என்றார்.

தோற்றால் சொல்லிவிடுகிறேன் என்றாரே, சொன்னாரா? அன்றைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாஸ்டர் நேராக முதலாளி அறைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே நடந்ததை இவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

மாஸ்டர் உட்காரவில்லையாம். நின்றுகொண்டே பேசினாராம். "தோத்தது என்னாலதானுங்க. பசங்க மேல ஒரு தப்பும் இல்லை. என்னை எடுத்துப்போட்டு உமரைப் போடுங்க. அவன் டீமைக் காப்பாத்துவான்."

இல்லாத வேலையை அந்த மனுஷன் ராஜினாமா செய்கிறார். முதலாளி என்ன செய்தார்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எனக்கு மனசே இல்லீங்க மாஸ்டர். நீங்க இத்தனை சொல்றதால ஒத்துக்கறேன்" என்றாராம். நாடகம் அதோடு முடிந்திருக்கும். எல்லார் மானமும் மிச்சம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இவருக்கும் நல்ல பேர்தான். அங்கேதான் என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை.

"மாஸ்டர், ஆயுத பூஜைக்கு முன்னாலிருந்தே நீங்க கோச் இல்லீங்க. நான்தானுங்க. உங்ககிட்டச் சொல்ல வாய் வரலைங்க. சாயங்காலம் தனியா பிராக்டிஸ் வெச்சதும் நான்தானுங்க. சின்னானை மேல போகச் சொன்னதும் நான்தானுங்க. தோத்ததுல உங்களுக்கு ஒரு பங்கும் இல்லீங்க."

மாஸ்டர் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கோபப்படவில்லையாம். "அப்ப அந்த மூணு ஆட்டம் ஜெயிச்சது?" என்று கேட்டாராம்.

இவர் இதை எதிர்பார்க்கவே இல்லை. தோல்வியை அவர் தலையிலிருந்து இறக்கப் போனவர், ஜெயித்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. முதலாளி மணியை அடித்து, "மாஸ்டருக்குக் காபி கொண்டாப்பா" என்றாராம்.

அறையை விட்டு வந்த மாஸ்டர், பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து நின்றார். பின்னாலேயே என் வீட்டுக்காரர். இருவர் முகத்தையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"அம்மணி, நாச்சி ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. நான் ஜெயிச்சுக் குடுத்தேன்னு பொங்கல் வெச்சா. இப்ப ஊட்டுக்குப் போயி அவகிட்ட என்னன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. நானாத்தான் வேண்டாம்னு உட்டுப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

எத்தனை நாளாக உண்மையைச் சொல்லுங்கள் என்று வீட்டில் கத்தினவள் நான். இப்போது பொய் சொல்ல என்னையே கூப்பிடுகிறார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று பேரும் சூலூருக்கு பஸ் ஏறினோம். வீட்டில் நாச்சியம்மாள் "வாங்க, வாங்க" என்று பாயைப் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாஸ்டரே வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்கம்மா. முதலாளி எவ்வளவோ கேட்டாருங்க. இனி நான் பாத்துக்கறேனுங்க."

மாஸ்டர் தன் சம்சாரத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். சரி, பெரிய மனசு என்று பாராட்டுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அந்த அம்மாவுக்கு வந்ததோ கோபம்.

"இதென்னங்க கூத்து? ஜெயிக்கறப்ப மாலை போட்டுக்கத் தெரிஞ்சுதுல்ல? ஒரு ஆட்டம் தோத்ததும் இந்தப் பையன் தலையில கட்டிப்போட்டு ஓடியாந்துட்டீங்களே, உங்களுக்கே இது அடுக்குமா? ஆம்பளைதானுங்களா நீங்க?"

அந்த வீட்டில் அந்த அம்மா அப்படிப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவும் வெளியாட்களான எங்கள் முன்னால். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் நாச்சி" என்றார்.

எனக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. நாச்சியம்மாள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். குரல் தணிந்திருந்தது.

"வயசாகிப்போச்சு கண்ணு, பயந்துபோட்டாரு. உன்னை நட்டாத்துல உட்டுப்போட்டாருன்னு மனசுல வெச்சுக்காதே. அவரை மன்னிச்சுரு சாமி."

என் வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, அது அப்படியில்லீங்க" என்று ஆரம்பித்தார். மாஸ்டர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.